மிஞ்சாத பொட்டலம்

பை என்னுடையதுதான். பேரனுடையது இல்லை, எனக்குப் பேரன் கிடையாது. வாங்கும்போதே கடைக்காரர் கேட்டார், "மகனுக்கா சார், என்ன உயரம் இருப்பார்?" என்று. எனக்குத்தான் என்றதும் முதுகில் மாட்டிவிட்டு, "பின்னாலேர்ந்து பார்த்தா காலேஜ் பையன் மாதிரியே இருக்கீங்க" என்றார். முன்னாலிருந்து பார்த்ததைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நேர்மையான வியாபாரி.

நீங்கள் சாப்பிடுங்கள். சப்பாத்தி ஆறினால் தோலாகிவிடும். எனக்கு வேண்டாம். வழியில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்குவதில்லை என்று இப்போது வைத்திருக்கிறேன். மயக்க மருந்துக்குப் பயந்து இல்லை. அது வேறு கதை. சொல்லட்டுமா? நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. நீங்கள் இந்த ரயிலில் ஏறுகிற வரைக்கும் நான் வாயையே திறக்கவில்லை. எதிரே ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் வேலையாக இருந்தது. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது. அசோகர் சாலையோரம் மரங்களை நட்டார் என்று வருமே, அந்த வாக்கியத்தை எத்தனை பதிப்புகளில் படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் பிழை இல்லை. ஆனால் பல பாடங்கள் தள்ளி ஷெர்ஷாவும் சாலை போட்டு மரம் நட்டார் என்று வரும். அவரை யாருமே ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. மரம் என்றால் அசோகர்தான். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், அந்தச் சாலையில் ஏதாவது பழைய மரம் மிச்சமிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கல்கத்தாவிலிருந்து மேற்கே, கிடைத்த பஸ்ஸில், முதுகில் பையோடு.

"தனியா எதுக்கு சார், காசி டூர்லாம் போடுறாங்களே, சமையல்காரர் கூடவே வராராம்" என்றார் கீழ்வீட்டு பாஸ்கரன். குழுவாகப் போவது எனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். ஒருவருக்கு மூட்டு வலித்தால் எல்லாரும் நிற்க வேண்டும், ஒருவருக்குக் காபி வேண்டுமென்றால் எல்லாரும் குடிக்க வேண்டும். தனியாகப் போகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. தன்பாதிலிருந்து பாஸ்கரனுக்குப் போன் செய்து, தண்ணீர் மோட்டார் ரிப்பேர் முடிந்ததா என்று கேட்டேன். "ஓடுதே சார். ஏன், உங்க வீட்டுல தண்ணி வரலையா?" என்றார். நான் ஊரில் இல்லை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்த அளவுக்கு யாருக்கும் தொந்தரவு தராத மனிதன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

வழியில் நடந்ததையெல்லாம் சொன்னால் உங்கள் ஊர் வந்துவிடும். ஒரு ஊரில் குரங்கு என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதை அது சரியாகக் காதில் மாட்டிக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்னொரு ஊரில், முன்பக்கப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஏறிய பஸ் நேர் எதிர்த்திசையில் போனது. கண்டக்டரைக் கேட்டால், பலகை வேறு பஸ்ஸினுடையது, காற்று உள்ளே வராமலிருக்க வைத்திருக்கிறோம் என்றார். எழுதியிருப்பதை நம்புவது என் தொழில் வியாதி. இரவு ஒரு மாவுமில்லில் கோதுமை மூட்டைகள்மேல் படுத்தேன். காலையில் எழுந்தபோது நான் முழுக்க வெள்ளை. மில்காரர் பெண்டாட்டி என்னைப் பார்த்துப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் சசாராம். ஷெர்ஷாவின் சமாதி அங்கேதான் இருக்கிறது, ஏரிக்கு நடுவில். பார்த்தேன். என்னைத் தவிர ஒரு ஆட்டுக்குட்டிதான் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து காசிக்கு ஏறிய பஸ் வழியில் ஒரு தாபா முன்னால் மூச்சை நிறுத்தியது. ஜனவரி மாதம், பகலிலேயே மூடுபனி. தாபாவுக்குப் பின்னால் பெரிய ஆலமரம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அடிமரத்தைச் சுற்றி நடந்து வயதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால், வந்த ஆட்களையெல்லாம் வேறு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். என் பை மட்டும் பழுதான பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் அந்தத் தமிழ் பஸ்ஸைப் பார்த்தேன். முன்கண்ணாடியில் விபூதிப்பட்டை, பக்கவாட்டில் காசி யாத்திரை என்று துணிப்பலகை. 'யாத்திரை'யில் ஒற்று சரியாக இருந்தது. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து ஆட்கள். குளிருக்குப் பயந்து ஆண் பெண் அத்தனை பேரும் பழுப்பு நிறக் குரங்குக் குல்லாயும் மஃப்ளரும். கண்ணும் மூக்கும்தான் வெளியே. என் தலையிலும் அதே குல்லாய்தான். நம் ஆட்கள் வடக்கே போனால் வேறு எதை மாட்டிக்கொள்வார்கள்?

பனியில் யாரோ, "என்ன அண்ணாச்சி இங்கயே நிக்கீய, பிடிங்க" என்று என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்கள். புளிச்சாதம். நல்லெண்ணெய் வாசனை. முதல்நாள் மத்தியானத்திலிருந்து வறுகடலை தவிர எதுவும் தின்னாதவன் நான். கேட்டு வாங்கவில்லை, கவனியுங்கள். கொடுத்தார்கள். பாதி தின்றுகொண்டிருக்கும்போது, "ஏறுங்க, ஏறுங்க, மிச்சத்தை வண்டில சாப்பிடலாம்" என்று மேனேஜர் முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டார். நானாக ஏறவில்லை. ஏற்றினார்கள். காசிக்குத்தானே போகிறது, உட்கார்ந்தபின் விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். பின்வரிசையில் ஒரு ஜன்னல் சீட் காலியாக இருந்தது. அதில் ஒரு மஞ்சள் பை. நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.

மேனேஜர் பெயர் பரமானந்தம். அவர் ஆட்களைத் தலை எண்ணுவதில்லை. அதை அவரே மைக்கில் பெருமையாகச் சொன்னார். "தலையை எண்ணினா ஒருத்தர் பாத்ரூம் போயிருப்பார், ஒருத்தர் வெத்தலை வாங்கப் போயிருப்பார். நான் பொட்டலத்தை எண்ணுவேன். ஆளுக்கு ஒண்ணு கட்டியிருக்கு. மிஞ்சுச்சுன்னா ஆள் குறையுதுன்னு அர்த்தம். நம்ம ஆளு சாமி கும்பிட மறந்தாலும் சாப்பிட மறக்கமாட்டான்." எல்லாரும் சிரித்தார்கள். சமையல்காரர் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் மிஞ்சவில்லை. பஸ் கிளம்பியது.

நானும் சிரித்தேன். பக்கத்து வரிசையில் சொர்ணத்தாய் என்று ஒரு அம்மாள், எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. கையை மட்டும் நீட்டினார். வீட்டு ஆளுக்கு அப்படித்தானே கொடுப்பார்கள்? ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முறுக்குத் தின்றேன். விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. கொஞ்சம் கழித்துச் சொல்லலாம் என்றும் இருந்தது.

மஞ்சள் பைக்குள் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. யாரும் திரும்பவில்லை. எடுத்தேன்.

"யாருங்க பேசுதது?" என்றது ஒரு குரல்.

"நீங்கள் யார்?"

"இது என் போனுங்க."

"உங்கள் போனுக்கு நீங்களே கூப்பிடுகிறீர்களா?"

"எனக்கு இந்த ஒரு நம்பருதான் மனப்பாடம் சார். ஆவுடையப்பன் பேசுதேன். அந்தப் பின் சீட்டு என்னோடதுதான். சக்கரை உடம்பு, காட்டுப் பக்கம் ஒதுங்கிட்டு வாரதுக்குள்ள வண்டியக் காணும். கழுத்துல மாட்டுத அட்டையக்கூட பையில வச்சுட்டு வந்துட்டேன். கடைக்காரர்ட்ட கைய கால ஆட்டி போன் வாங்குனேன்." மூச்சு வாங்கியது. அப்புறம் மெதுவாகக் கேட்டார். "சார், தேடுதாவளா?"

நான் பஸ்ஸைப் பார்த்தேன். முன்னால் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சொர்ணத்தாய் முறுக்கு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"தேடுகிறார்கள்" என்றேன்.

"அப்ப சரி" என்றார். "நான் இங்கயே இருக்கேன்."

மனிதன் வேறு எதுவும் கேட்கவில்லை. வண்டி எப்போது திரும்பும், நான் எப்படி வருவது, எதுவும் இல்லை. அந்த ஒரு கேள்விதான்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "இருக்காதே சார், பொட்டலம் மிஞ்சலையே" என்றார். ஒன்று மிஞ்சியிருக்கும், அதை நான் சாப்பிட்டுவிட்டேன், நான் உங்கள் ஆள் இல்லை என்று விளக்கினேன். தெளிவாக, கோவையாகத்தான் விளக்கினேன். அவர் மைக்கை அணைக்காமல் இருந்தது என் தப்பா?

"அப்ப அவரு பொட்டலத்தைத் தின்னது நீங்களா?" என்பது பஸ் முழுக்கக் கேட்டது. தூங்கினவர்கள் எழுந்தார்கள். அத்தனை குல்லாய்களும் என் பக்கம் திரும்பின.

"யாருய்யா இது, நம்ம வண்டில?"

"நான் கடையநல்லூர் ஆளுன்னுல்லா நெனச்சேன். முறுக்கு வேற குடுத்தேன்" என்றார் சொர்ணத்தாய்.

"ஆள முழுங்கிட்டு ஏப்பம் விடுதாரு பாரு!"

உங்களைக் கேட்கிறேன். கையில் கொடுத்ததைத் தின்றவன் மேல் குற்றமா, ஆளுக்குப் பதில் சோற்றை எண்ணியவன் மேல் குற்றமா? இதை நான் அங்கேயே கேட்டேன். பனியில் வண்டியைத் திருப்ப முடியாது, சாயங்காலம் கங்கையில் படகு சொல்லியாகிவிட்டது, காசிக்குப் போய் ஆள் அனுப்பலாம் என்றார் பரமானந்தம். நாளைக்கு.

"அவருக்கு இந்தி தெரியாதாமே" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நீங்களே போய்க் கூட்டிட்டு வரது."

அவர் அதை நக்கலாகச் சொன்னார். நான் மஞ்சள் பையையும் என் பையையும் எடுத்துக்கொண்டு அடுத்த சுங்கச்சாவடியில் இறங்கிவிட்டேன். பரிதாபத்தால் இல்லை. கோபத்தால். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் இந்தி அஞ்சல் வழியில் கற்றது. மிகச் சுத்தமானது. வடக்கே அதை யாரும் பேசுவதில்லை. காலிஃபிளவர் ஏற்றிவந்த ஒரு லாரியை நிறுத்தி, மதிப்பிற்குரிய ஓட்டுநரே, தங்கள் திருவுளம் இரங்குமாயின் என்கிற தினுசில் ஆரம்பித்தேன். அவர் இறங்கிவந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். குல்லாயைக் கழற்றியதும் தெரிந்த தாடியையும் என் மொழியையும் பார்த்து ஏதோ ஆசிரமத்துச் சாமியார் என்று முடிவு கட்டிவிட்டார். அதோடு விடவில்லை. சாலையை விட்டு இறங்கி, மைத்துனன் புதிதாகத் திறந்திருந்த டயர்க் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஆசீர்வாதம் பண்ணச் சொன்னார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நீளமான இந்தி ஒன்றே ஒன்றுதான், பரீட்சைக்குப் படித்த பசுவைப் பற்றிய கட்டுரை. கண்ணை மூடிக்கொண்டு அதை ஒப்பித்தேன். பசு சாதுவான பிராணி, அது நமக்குப் பால் தருகிறது. பசுவைப் பற்றியது என்பதால் அவர்களுக்கும் பரம திருப்தி. கழுத்தில் சாமந்தி மாலை போட்டு, கொண்டுவந்து தாபா வாசலிலேயே இறக்கிவிட்டார்கள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. சாலையோரக் கயிற்றுக்கட்டிலில், குல்லாயோடு, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு. பக்கத்தில் தாபாக்காரர் வைத்த டீ ஏடு படிந்திருந்தது. குனிந்து டீ குடிக்கிற நேரத்தில் வண்டி வந்து போய்விட்டால் என்ன செய்வது என்று குடிக்கவில்லையாம்.

"ஆவுடையப்பன்?"

எழுந்தார். மாலையைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். அப்புறம் என் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார். "வந்துட்டீயளா சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஐஸ்.

"எனக்குத் தெரியும் சார். பொட்டலம் ஒண்ணு மிஞ்சியிருக்கும்லா? எல்லாரும் வாங்கட்டும், கடைசில வாங்கிக்கிடலாம்னு அத வாங்காமத்தான் ஒதுங்கப் போனேன். மேனேஜர் பாத்ததும் கண்டுபிடிச்சிருப்பாரு."

பிழை கண்டால் திருத்துவது என் வேலை. வாழ்நாள் முழுக்க வேறெதுவும் செய்ததில்லை.

"உடனே கண்டுபிடித்துவிட்டார்" என்றேன்.

பனியில் அன்றைக்கு வேறு வண்டி இல்லை. தாபாக்காரர் ரொட்டி போட்டுக் கொடுத்து, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை இரண்டும் கொடுத்தார். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தோம். ஆவுடையப்பன் தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். "எத்தனையோ வண்டிய விசிலடிச்சு அனுப்பியிருக்கேன் சார். ஓடிவாரவன விட்டுட்டுப் போற வண்டி பின்பக்கம் எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாத்தேன்" என்று சிரித்தார். வந்தவர்கள் எல்லாரும் சோடி சோடியாகவோ குடும்பமாகவோ வந்தவர்கள், அவர் மட்டும் ஒற்றை ஆள். அதனால்தான் பின் சீட்டு.

என் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, "யாரு சார் மொதல்ல கவனிச்சது?" என்றார்.

"மேனேஜர்தான். தலையில் அடித்துக்கொண்டார்."

"அடிச்சிக்கிட்டாரா! பெறகு?"

"சமையல்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்."

"சொர்ணத்தாயி?"

"அழுதுவிட்டார்கள்."

"அழமாட்டாளே அவ. புருசன் ஆசுபத்திரில கெடக்கையிலேயே அழாதவ."

"அழவில்லை. மூக்கைச் சிந்தினார்கள்."

"ஆங், அது செய்வா" என்று ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டார். இன்னும் கேட்டார். ஜன்னல் வழியாக யாராவது எட்டிப் பார்த்தார்களா? அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களா, இல்லை ஊரில் சொல்கிற மாதிரி சைக்கிள்காரர் மகன் என்று சொன்னார்களா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். முன்னுக்குப் பின் முரண் வராமல் சொன்னேன். என் வேலையில் இப்படி ஒரு சுத்தமான பிரதி அமைந்ததே இல்லை.

காலையில் ஒரு ஜீப்பில் இடம் கிடைத்தது. காசி நெருங்க நெருங்கத்தான் எனக்கு அது உறைத்தது. அந்த பஸ்ஸில் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். மேனேஜரைத் தனியாகப் பிடித்து, ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. சத்திரத்து வாசலிலேயே எல்லாரும் இட்லித் தட்டோடு நின்றிருந்தார்கள்.

"ஏ, ஆவுடையண்ணன் வந்துட்டாருடே!"

"எங்க போனீரு, கங்கைக்கு முன்னால வேற தண்ணியத் தேடிப் போய்ட்டீராக்கும்?"

பரமானந்தம் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "ராத்திரி முழுக்க ஒரு பொட்டுத் தூக்கம் இல்லண்ணே." கன்னத்தில் தலையணைக் கோடு இருந்தது. அதற்காக அவரை நான் அந்த நிமிஷம் மன்னித்துவிட்டேன். பொய் சொல்லவாவது தோன்றியதே.

ஆவுடையப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பொட்டலம் மிஞ்சுனதும் பதறிட்டியளாமே. சார் சொன்னாரு."

"எங்க மிஞ்சுச்சு?" என்றார் சொர்ணத்தாய். "உம்ம பொட்டலத்த இவருல்லா தின்னுட்டாரு. அதுனாலதான் ஒருத்தருக்கும் தெரியல. நீரு போன் போட்டு இவரு எடுக்கலேன்னா காசில வந்துதான் தெரிஞ்சிருக்கும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அந்த அம்மாள். உள்ளதைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடையப்பனும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சத்திரத்து அறிவிப்புப் பலகையைப் படித்தேன். அதில் நிறையப் பிழைகள் இருந்தன.

"புளிச்சாதம் நல்லா இருந்துச்சா சார்?" என்றார் ஆவுடையப்பன்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஒரு தட்டில் இட்லி வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிறகு கங்கைக்குக் கிளம்பினார்கள். காசிச் சந்துகள் தெரியுமே, ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். என்னையும் வரச்சொல்லி யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் போயிருக்கமாட்டேன். ஆனாலும் ஒரு மரியாதைக்குச் சொல்லலாம், இல்லையா? அதே வழிதான் என்பதால் வரிசையின் வாலில் நடந்தேன். ஒரு திருப்பத்தில் பையின் வார் இழுத்தது. நின்று சரிசெய்தேன். வார் சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் இன்னொரு சந்து பிரிந்தது. அதில் திரும்பிவிட்டேன். குழுவாகப் போவது எனக்கு ஒத்துவராது.

பால் கேன் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று அந்தச் சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதனால்தான் எனக்கு ஆவுடையப்பன் குரல் கேட்டது. இல்லாவிட்டால் கேட்கிற தூரத்தைத் தாண்டியிருப்பேன்.

"இருங்கய்யா. ஒருத்தரு கொறையுதாரு."

"யாரு அண்ணாச்சி? எல்லாரும் இருக்கோமே."

"சாரக் காணும்."

"அவரு நம்ம ஆளு இல்லையே, வாங்க, ஸ்நானத்துக்கு நேரமாச்சு." இது பரமானந்தம்.

"இருக்கட்டும். நீங்க போங்க. நான் நிக்கேன்." அப்புறம் கூப்பிட ஆரம்பித்தார். "சார்! ஏ சார்!"

என் பெயரை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குப் பெயர் திருவேங்கடம். தள்ளுவண்டிக்காரர் கேன்களை ஒவ்வொன்றாக இறக்கினார். அந்த ஆள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், சார், சார் என்று. பிறகு வண்டி நகர்ந்து வழி கிடைத்தது. நான் போய்விட்டேன்.

மரங்களா? அலகாபாத்துக்கு அப்பால் நான் போகவில்லை. பார்த்தவரைக்கும் எல்லாம் பிற்காலத்தில் நட்டவை. அதை விடுங்கள். உங்களை ஒன்று கேட்க வேண்டும், நீங்கள் வெளி ஆள், பட்சபாதம் இல்லாமல் சொல்வீர்கள். கூட்டம் முன்னால் போய்விட்டது. மேனேஜர் அவசரப்படுத்தியிருப்பார். ஆவுடையப்பன் கங்கைக்கென்று வந்தவர், அவருக்கும் ஸ்நானம் முக்கியம்தான். இருந்தாலும் அந்த முனையில் கொஞ்ச நேரமாவது நின்றிருப்பார் அல்லவா? எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?